கற்கும் காலத்துக் கூலி

1961ஆம் வருஷத்துத் தொழிற்பழகுநர் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. பழகுநர் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர். தொழிலாளர் சம்பந்தப்பட்ட சட்டங்கள் அவருக்குப் பொருந்தா என்பது அதன் சாரம். சட்டத்தின் வாக்கியங்களை நாம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. கவிதையில் ஒரு சொல் இடம் மாறி உட்கார்ந்தால் நாலு பக்கம் எழுதுகிறோம். இந்த வாக்கியத்துக்கு அடியில் லட்சக்கணக்கான பையன்களின் பதினெட்டு, பத்தொன்பது வயதுகள் கிடக்கின்றன. ஒருவன் யார் என்று சொல்வது விவரணை. ஒருவன் யார் அல்ல என்று சட்டம் சொன்னால் அது விவரணை அல்ல, யாருக்கோ தரப்படும் சலுகை. யாருக்கு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நான் வேலை பார்க்கும் வங்கிக் கிளை அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பக்கம் இருக்கிறது. லேத்து, மில்லிங், டை வேலை பழகும் பையன்களின் கணக்குகள் எங்களிடம் நிறைய உண்டு. மாதம் இரண்டு வரவுகள் வரும். ஒன்று கம்பெனியிலிருந்து, மற்றது தில்லியிலிருந்து. 2016இல் தொடங்கிய ஊக்குவிப்புத் திட்டத்தின்படி, பழகுநர் தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய்க்கு மேற்படாமல், மத்திய அரசு ஏற்றது. முதலாளிக்குப் போய்க்கொண்டிருந்த அந்தப் பங்கை 2023 ஆகஸ்டிலிருந்து நேரே பையனின் கணக்குக்கே அனுப்பத் தொடங்கினார்கள். ஒருநாள் பாஸ்புக்கைப் பதியக் கொண்டுவந்த ஒரு அம்மாள், இந்த இரண்டு வரிகளையும் விரலால் தொட்டுக் காட்டி, "இது சம்பளமா தம்பி, இல்ல பள்ளிக்கூடத்துல குடுக்கிற மாதிரி பணமா?" என்று கேட்டார். "உதவித்தொகைம்மா" என்றேன். அவர் கேட்டதற்கு அது பதிலே அல்ல. என்றாலும் படிவத்தில் அச்சடித்திருப்பது அந்தச் சொல்தான்.

உதவித்தொகை. இந்த மொழிபெயர்ப்பில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஸ்டைபண்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலம் படைவீரனுக்குக் கொடுத்த சம்பளத்தைக் குறித்தது. போர்க்களத்தில் இருக்கிறவனுக்கு யாரும் உதவி செய்வதில்லை. அவனுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். தமிழில் அது வந்து சேரும்போது கொடுப்பவனின் கை மேலே போய்விடுகிறது, வாங்குபவனின் கை கீழே இறங்கிவிடுகிறது. வாங்குபவன் உதவி பெறுகிறவன் ஆனபிறகு, இவ்வளவு வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அவனுக்கு அழகில்லை என்றாகிவிடுகிறது. தொழிற்பேட்டையில் நான் கேட்கும் பேச்சின் தொனி இதுதான்: "இப்ப வர்ற பசங்க முதல் நாளே எவ்ளோன்னு கேக்கறானுங்க சார். வேலையக் கத்துக்கணும்னு நெனப்பே இல்ல."

முதல் நாளே எவ்வளவு என்று கேட்பதில் என்ன தப்பு? நான் வங்கியில் சேர்ந்தபோது எவ்வளவு என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும், பைசா சுத்தமாக. முதல் ஆறு மாதம் தகுதிகாண் பருவம். அந்த ஆறு மாதமும் முழுச் சம்பளம். எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது, பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்கு டெபிட், கிரெடிட் எந்தப் பக்கம் என்பதே பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. என்னைப் பயிற்சி பெறுபவன், ஊழியன் அல்லன் என்று யாரும் சொல்லவில்லை. நான் செய்த தப்புக் கணக்குகளைச் சாயங்காலம் உட்கார்ந்து இன்னொருவர் நேர் செய்தார். அவருடைய நேரமும் வங்கியின் செலவுதான். மேஜைமேல் தப்பு செய்து கற்பவனுக்கு முழுச் சம்பளம், இரும்பில் தப்பு செய்து கற்பவனுக்கு உதவித்தொகை என்ற வித்தியாசத்துக்குப் பொருளாதாரக் காரணங்கள் மட்டும் போதா. இந்த நாட்டில் எழுத்து வேலைக்கும் கை வேலைக்கும் நடுவில் இருக்கும் பழைய சுவர் இதில் தெரிகிறது.

கற்பவனுக்குக் கொடுப்பது என்பதே புதிய பழக்கம். முன்பு பணம் எதிர்த் திசையில் போயிற்று. 1772இல் வில்லியம் ப்ளேக்கை ஏழு வருஷத்துக்குச் செதுக்குத் தொழிலாளி ஜேம்ஸ் பஸயரிடம் சேர்த்தபோது, அவருடைய தகப்பனார் ஐம்பது கினி கொடுத்தார். டிக்கன்ஸின் பிப் கொல்லுப்பட்டறையில் அமர்த்தப்படும்போது மிஸ் ஹாவிஷாம் இருபத்தைந்து கினி கொடுக்கிறாள். ஆலிவர் ட்விஸ்ட்டை யாராவது கூட்டிக்கொண்டு போனால் ஐந்து பவுண்டு தருவதாகத் திருச்சபை வட்டத்து அநாதை விடுதி கதவில் விளம்பரம் ஒட்டுகிறது. மூன்றிலும் பணம் எஜமானனுக்குத்தான் போகிறது. ஆனால் ப்ளேக்கின் தகப்பனார் மகனுக்குத் தொழில் வர வேண்டும் என்று கொடுத்தார்; விடுதிக்காரர்கள் பையன் தொலைய வேண்டும் என்று கொடுத்தார்கள். ஒரே தொகை இரண்டு அர்த்தங்களைச் சுமக்க முடியும். நம் கால உதவித்தொகைக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

இங்கே கினி கிடையாது. தொழில் வீட்டுக்குள் இருந்தது. தச்சன் மகன் தச்சு வேலையைக் கற்றான், சோறு அம்மா போட்டாள். எனவே பழகும் காலத்துக்குக் கூலி என்ற கேள்வியே எழவில்லை. அந்த ஏற்பாட்டின் விலை வேறொரு இடத்தில் வசூலாயிற்று: தச்சன் மகன் மட்டும்தான் தச்சனாகலாம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த கல்வித் திட்டம் பிள்ளைகளை நாளின் ஒரு பாதியில் பள்ளிக்கும், மறு பாதியில் பெற்றோரின் தொழிலுக்கும் அனுப்பப் பார்த்தது. குலக்கல்வி என்று பெயர் வாங்கி, எதிர்ப்பில் நிற்க முடியாமல், 1954இல் காமராஜ் ஆட்சியில் கைவிடப்பட்டது. அந்தச் சண்டையைச் சாதி என்ற கோணத்தில் மட்டும் நாம் நினைவு வைத்திருக்கிறோம், அது சரியே. ஆனால் அதற்குள் கூலிக் கேள்வியும் ஒன்று ஒளிந்திருந்தது. கற்கிறவனுக்கு யார் சோறு போடுவது? வீடு என்றால் தொழில் வீட்டைவிட்டு வெளியே போகாது. விவசாயக் கூலியின் மகன் டை மேக்கர் ஆக வேண்டுமென்றால், அவன் கற்கும் மூன்று வருஷத்துச் சோற்றை வீட்டுக்கு வெளியே யாராவது போட்டாக வேண்டும்.

எனவே அந்தத் தொகையை அவன் செய்த வேலையின் விலையாக நான் பார்க்கவில்லை. காத்திருப்பதற்கான சோறாகப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்தால், 'அவன் என்ன உற்பத்தி செய்துவிட்டான்?' என்ற கேள்வி அடிபட்டுப்போகிறது. அந்த இடத்தில், வீட்டிலிருந்து ஒரு பைசா வராத பையன் இந்தத் தொகையில் அம்பத்தூரிலோ கோயமுத்தூரிலோ ஒரு அறையில் நாலு பேரோடு தங்கி, மூன்று வேளை தின்று, பஸ்ஸுக்குக் கொடுத்து, மாதக் கடைசியில் நிற்க முடியுமா என்ற கேள்வி வருகிறது. முடியாது என்றால் அந்தத் தொழில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்வது பொய். 2019இல் விதிகளைத் திருத்தி மாதக் குறைந்தபட்சத்தை 5,000 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய்வரை வைத்தார்கள். 2025 மே மாதத்தில் மத்திய மன்றம் அதை 6,800 முதல் 12,300 வரை உயர்த்தலாம் என்று சிபாரிசு செய்தது. எண்களைவிட அவற்றை நிர்ணயித்த முறை எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2019க்கு முன் பழகுநர் தொகை, ஓரளவு தேர்ச்சி பெற்ற தொழிலாளியின் குறைந்தபட்சக் கூலியில் முதல் வருஷம் 70 சதவிகிதம், பிறகு 80, பிறகு 90 என்று இருந்தது. அதாவது அவன் யாராகப் போகிறானோ அவனுடைய கூலியோடு இவனுடைய தொகை கட்டப்பட்டிருந்தது. 2019இல் அந்தக் கயிற்றை அறுத்துவிட்டு, அவன் என்ன படித்துவிட்டு வந்தான் என்பதோடு கட்டினார்கள்: ஒன்பதாவதோடு நின்றவனுக்கு 5,000, பட்டதாரிக்கு 9,000. பட்டறையில் சாணைக்கல் முன் நிற்கும்போது எட்டாவதும் பி.ஏ.வும் ஒன்றுதான். சொல்லப்போனால் பி.ஏ.காரன் விரலை முதலில் கொடுப்பான்.

எதிர்த்தரப்பில் ஆடம் ஸ்மித் இருக்கிறார். அவரைச் சுலபமாகத் தள்ள முடியாது. 1563ஆம் வருஷத்துச் சட்டம் விதித்த ஏழு வருஷப் பழகுகாலம் அநாவசியம் என்று 1776லேயே எழுதியவர். கடிகாரம் செய்வது எப்படி என்று விளக்கச் சில வாரங்கள் போதும், ஏன் சில நாட்களே போதலாம் என்றார். கைத்திறனுக்குப் பழக்கம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார். ஆனால் முதல் நாளிலிருந்தே செய்த வேலைக்கு ஏற்ற கூலி கொடுங்கள், அவனும் கெடுத்த பொருளுக்குக் காசு கட்டட்டும், இன்னும் கருத்தாகக் கற்பான் என்பது அவர் யோசனை. நம்மூரில் ஜி.டி. நாயுடுவும் இந்த ரகம்தான். நாலு வருஷ என்ஜினீயரிங் படிப்பை இரண்டு வருஷத்தில் முடிக்கலாம் என்று 1940களில் அரசோடு மல்லுக்கு நின்றார். கால நீட்டிப்பு என்பது பெரும்பாலும் கற்பிப்பவனின் சௌகரியம் என்று இருவருமே கண்டிருக்கிறார்கள்.

இது இன்று எங்கே உண்மை என்றால், சி.என்.சி. மெஷினில் பொருளை மாட்டிப் பொத்தானை அழுத்தி, முடிந்ததும் கழற்றி வைக்கும் வேலையில். பத்து நாளில் பிடிபட்டுவிடும். பதினோராம் நாளிலிருந்து அவன் வார்க்கும் வியர்வை எல்லாம் விற்பனைக்குப் போகும் பொருளில்தான் சேர்கிறது. பாக்கிப் பதினொரு மாதமும் அவன் 'பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்லர்'. அங்கே இந்த வாக்கியம் பொய், உதவித்தொகை என்ற சொல் பொய், வித்தியாசப் பணம் யார் பையில் போகிறது என்பது மட்டும் நிஜம். நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்று வருஷம் பெண்களைப் பழகுநர்களாக வைத்து, கல்யாணச் செலவுக்கு என்று கூலியின் ஒரு பகுதியைக் கடைசியில் மொத்தமாகத் தருவதாகச் சொன்னது இதன் கோர வடிவம். நடுவில் போனவளுக்கு அந்த மொத்தம் கிடைக்காமல் போவதும் உண்டு. அதில் கற்றல் சாக்கு, காத்திருப்பே சரக்கு.

ஸ்மித்தோடு நான் பிரியும் இடம், கெடுத்த பொருளுக்குக் காசு என்ற இடம். டை வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிமீட்டர் தகட்டை வெட்டும் பஞ்சுக்கும் டைக்கும் நடுவே பக்கத்துக்குச் சுமார் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். ஒரு தலைமயிர் நுழையும் அளவு. அதைப் புத்தகத்தில் படிக்க ஒரு நிமிஷம். அரத்தைப் பிடிக்கும் கையில் அது வந்து உட்கார வருஷங்கள் ஆகும், அந்த வருஷங்கள் முழுக்கக் கெட்டுப்போன இரும்பு. கெடுக்காமல் கை வராது. கெடுத்ததற்கு அவனிடம் காசு பிடித்தால் அவன் கெடுக்கமாட்டான். அதாவது கஷ்டமான வேலையைத் தொடமாட்டான், தெரிந்ததையே பத்திரமாகத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பான். (இது கவிதைக்கும் பொருந்தும். நம் பத்திரிகைகள் யாருக்கும் சன்மானம் தருவதில்லை. கெடுத்ததற்கு அபராதமும் போடுவதில்லை. அந்த இரண்டாவது காரணத்தால்தான் நம்மில் சிலருக்காவது கை வந்தது. சோற்றுக்கு வங்கியும் தபாலாபீஸும் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.)

முழுக்கூலி கேட்கும் பையனிடம் எனக்கு ஒரே ஒரு தயக்கம் இங்கேதான். முழுக்கூலி கொடுத்த முதலாளி அடுத்த வாரமே முழு உருப்படி கேட்பான். ஆனால் இந்தத் தயக்கத்தை முதலாளிக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ள வழியில்லை. குறைந்த தொகை கொடுத்துக்கொண்டே முழு உருப்படி வாங்குகிறவன்தான் தொழிற்பேட்டையில் அதிகம். தொகை குறைவு என்பதற்கு நியாயம் ஒன்றே ஒன்றுதான் உண்டு: அந்தக் குறைவுக்கு ஈடாகப் பையனுக்குக் கெடுக்கும் உரிமை கிடைத்திருக்க வேண்டும். எவ்வளவு தருகிறாய் என்று கேட்கிறவன் கூடவே, மாதம் எத்தனை பீஸ் கெடுக்கலாம் என்றும் கேட்டால் அந்த முதலாளியின் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

எங்கள் கிளைக்கு வரும் ஒரு டை பட்டறைக்காரர் மூன்று பையன்களை வைத்திருந்தார். பெஞ்சுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி, பையன்கள் கெடுத்த துண்டுகளுக்கு. நிறைந்தால் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போடுவார். எந்தத் துண்டு யார் கெடுத்தது என்று எழுதி வைப்பதில்லை. மூன்றாம் வருஷம் கை வந்ததும் இருவர், மாதம் சில ஆயிரம் கூடக் கிடைக்கிறது என்று ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அந்தக் கம்பெனி யாரையும் டை வேலைக்குப் பழக்குவதில்லை, பழகினவர்களை எடுத்துக்கொள்கிறது. பட்டறைக்காரர் கவுண்டரில் நின்றுகொண்டு என்னிடம் அரைமணி நேரம் பொருமினார். நன்றி கெட்டவர்கள் என்றார், பிறகு, "நானா இருந்தாலும் போயிருப்பேன் சார்" என்றார். இப்போது வேறு இரண்டு பேரைச் சேர்த்திருக்கிறார். தொகையில் ஆயிரம் ரூபாய் கூட்டியிருக்கிறார். போதாது என்று அவருக்கே தெரியும். அடுத்த ஆர்டருக்கு முன்பணம் வந்தால் இன்னும் ஐந்நூறு பார்க்கலாம் என்றார்.