ஜுமுஆ பயான்: ஆபத்தில் அழைத்தால் வருவார்களா? நாடுகளின் பாதுகாப்பு உடன்படிக்கையும் நம்முடைய வாக்கும்

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.



சென்ற வாரம் இஷா தொழுகைக்குப் பிறகு ராஜபாளையத்திலிருந்து வந்திருந்த இரண்டு கல்லூரி மாணவர்கள் என்னிடம் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்கள். 2025 செப்டம்பர் 17 அன்று சவூதி அரேபியாவும் பாகிஸ்தானும் செய்துகொண்ட பாதுகாப்பு ஒப்பந்தம் பற்றியது. ஒரு நாட்டின் மீது நடக்கும் தாக்குதல் இரண்டு நாடுகள் மீதும் நடந்த தாக்குதலாகக் கருதப்படும் என்பது அதன் சாரம். "ஹஜ்ரத், அப்படியென்றால் ஒருவரை அடித்தால் இன்னொருவர் கண்டிப்பாகச் சண்டைக்கு வந்தே ஆகணுமா? வராவிட்டால் யார் கேட்பது?" என்றார்கள்.

அந்த வீடியோவில் இருந்த பரபரப்பு நமக்குத் தேவையில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் கேட்டது நல்ல கேள்வி. ஜுமுஆவுக்கு வாருங்கள், பேசுவோம் என்று சொல்லியிருந்தேன்.

முதலில் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். உலகத்தில் மிகப் பிரபலமானது 1949இல் உருவான நேட்டோ ஒப்பந்தம். அதன் 5ஆவது பிரிவில் ஒருவரைத் தாக்கினால் எல்லாரையும் தாக்கியது போல என்று இருக்கிறது. அதே பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது: ஒவ்வொரு நாடும் தான் அவசியம் என்று கருதும் நடவடிக்கையை எடுக்கும். "தான் கருதும்" என்ற இடத்தைக் கவனியுங்கள். படை அனுப்பலாம். மருந்து மட்டும் அனுப்பினாலும் காகிதத்தை மீறியதாகாது. இந்தப் பிரிவு இதுவரை ஒரே ஒரு முறைதான், 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, பயன்படுத்தப்பட்டது.

நம் நாடும் 1971 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் யூனியனோடு ஒரு ஒப்பந்தம் செய்தது. அதன் 9ஆவது பிரிவு, தாக்குதலோ அச்சுறுத்தலோ வந்தால் உடனே கலந்து பேசி, தக்க நடவடிக்கை எடுப்போம் என்கிறது. சேர்ந்து போரிடுவோம் என்று இல்லை. அந்த டிசம்பரில் போர் வந்தது. ரஷ்யப் படைவீரர் யாரும் நமக்காகக் களத்தில் நிற்கவில்லை, ஆனால் ஐ.நா. பாதுகாப்பு சபையில் அவர்கள் வீட்டோ போட்டு நம் பக்கம் நின்றார்கள். சொன்ன அளவுக்குச் செய்தார்கள். மறுபக்கம் பாகிஸ்தான் சீட்டோ, சென்டோ என்று அமெரிக்கா சார்ந்த இரண்டு அணிகளில் இருந்தது. 1965 போரில் அமெரிக்கா இரண்டு நாடுகளுக்கும் ஆயுதம் கொடுப்பதையே நிறுத்திவிட்டது.

அப்படியானால், எழுத்து தெளிவாக இருந்தால் போதுமா? அதற்கும் நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

1769இல் மைசூரின் ஹைதர் அலி தன் குதிரைப்படையோடு சென்னையின் வாசலுக்கே வந்து நின்றார். கோட்டைக்குள் இருந்த ஆங்கிலேயக் கம்பெனியார் பயந்துபோய் சமாதானம் பேசினார்கள். அந்த ஏப்ரலில் ஒப்பந்தம் ஆனது. பிடித்த ஊர்களைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இருவரில் ஒருவரை வேறு யாராவது தாக்கினால் மற்றவர் உதவிக்கு வர வேண்டும். ஹைதருக்கு இந்த இரண்டாவது ஷரத்துதான் உயிர். மராட்டியரிடமிருந்து ஆபத்து வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஓராண்டுகூட முழுதாகப் போகவில்லை. 1770இல் பேஷ்வா மாதவராவின் படை மைசூருக்குள் நுழைந்தது. ஹைதர் ஒப்பந்தத்தைக் காட்டி உதவி கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். கம்பெனியார் இதோ அதோ என்று இழுத்தார்களே தவிர, யாரும் வரவில்லை. கடைசியில் 1772இல் ஹைதர் நிலத்தையும் பணத்தையும் இழந்து மராட்டியரோடு சமாதானம் செய்ய வேண்டியதாயிற்று.

ஏன் வரவில்லை? கையெழுத்துப் போட்டபோது எதிரி வாசலில் நின்றான். உதவி கேட்டபோது வாசலில் யாரும் இல்லை. அவ்வளவுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹைதருக்கு உதவக் கூடாது என்று கம்பெனியாரை நெருக்கியவர்களில் ஆற்காட்டு நவாப் முஹம்மது அலியும் ஒருவர். நம் ஸ்ரீவில்லிபுத்தூர் உட்பட நெல்லைச் சீமை அப்போது அந்த நவாபின் அதிகாரத்தில்தான் இருந்தது. அவரும் கலிமா சொன்னவர், ஹைதரும் கலிமா சொன்னவர். மார்க்கம் ஒன்று என்பதால் நாடுகள் தானாகக் கைகோத்துவிடும் என்று நினைக்கிற இளைஞர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

ஹைதர் அந்தக் காயத்தை மறக்கவில்லை. வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, 1780இல் பெரும்படையோடு கர்நாடகச் சீமைக்குள் இறங்கினார். காஞ்சிபுரம் பக்கத்தில் புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. இடையில் எரிந்த கிராமங்களுக்கும் பசியால் செத்த ஏழைகளுக்கும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்து இல்லை. வாக்கு மீறியவனுக்கு மட்டும் அடி விழுவதில்லை, சகோதரர்களே.

இன்று ஐ.நா. இருக்கிறது, ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றம் இருக்கிறது. செய்த ஒப்பந்தத்தைக் காக்க வேண்டும் என்பது சர்வதேசச் சட்டமும்தான். ஆனால் வராத படையைக் கையைப் பிடித்து இழுத்துவரும் போலீஸ் எங்கும் இல்லை. பிள்ளைகள் கேட்ட "யார் கேட்பது?" என்பதற்கு உலகத்தின் பதில் இவ்வளவுதான்.

மார்க்கத்தின் பதில் வேறு. வாக்கைப் பற்றி மறுமையில் விசாரணை உண்டு என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 34ஆவது வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். கேட்பவன் அவன்.

ஹிஜ்ரி 6இல் ஹுதைபிய்யா உடன்படிக்கை ஆனபோது, எந்தக் குலமும் தான் விரும்பும் பக்கம் சேரலாம் என்று ஒரு ஷரத்து இருந்தது. குஸாஆ குலத்தார் நபி (ஸல்) அவர்கள் பக்கம் வந்தார்கள். பனூ பக்ர் குலத்தார் குறைஷிகள் பக்கம் போனார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் பனூ பக்ர், குறைஷிகளின் மறைமுக உதவியோடு, குஸாஆவை இரவில் தாக்கிக் கொன்றார்கள். அம்ர் இப்னு ஸாலிம் மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஓடி வந்து, பள்ளிவாசலில் மக்கள் நடுவே நின்று உடன்படிக்கையை நினைவூட்டி உதவி கேட்டார். குஸாஆவில் முஸ்லிம்களும் இருந்தார்கள், இஸ்லாத்தை ஏற்காதவர்களும் இருந்தார்கள். பெருமானார் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. கலந்து பேசுவோம் என்று தள்ளிப்போடவும் இல்லை. உனக்கு உதவி உண்டு என்று அங்கேயே உறுதி கொடுத்தார்கள். ஹிஜ்ரி 8 ரமளானில் 10,000 பேர் மக்காவை நோக்கிப் புறப்பட்டதற்குக் காரணம் இந்த அழைப்புதான். மக்கா வெற்றியைப் பற்றி எத்தனையோ பயான் கேட்டிருப்போம். அது ஒரு பாதுகாப்பு உடன்படிக்கையை நிறைவேற்றப் போன பயணம் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை.

உடன்படிக்கை நமக்குச் சாதகமாக இருக்கும்போது காப்பது சுலபம். அதே ஹுதைபிய்யாவில் அபூ ஜந்தல் (ரலி) விலங்கோடு தப்பி வந்து நின்றார். மக்காவிலிருந்து வருபவரைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பேசியாகிவிட்டது. தோழர்கள் துடித்தார்கள். நபியவர்கள் பொறுமை சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். பத்ருக்கு முன்பு ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களின் தந்தையும் குறைஷிகளிடம் பிடிபட்டு, போரில் சேர மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத் தப்பினார்கள். முஸ்லிம்கள் முன்னூற்றுச் சொச்சம் பேர். ஒவ்வொரு ஆளும் தேவை. ஆனாலும், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள், அல்லாஹ்விடம் உதவி கேட்போம் என்று அந்த இருவரையும் அனுப்பிவிட்டார்கள்.

அன்ஃபால் அத்தியாயத்தின் 72ஆவது வசனத்தின் கருத்தை இளைஞர்கள் வீட்டுக்குப் போய்த் தர்ஜுமாவில் பாருங்கள். மார்க்க விஷயத்தில் உதவி கேட்டு வரும் சகோதரருக்கு உதவுவது கடமை. ஆனால் நீங்கள் உடன்படிக்கை செய்திருக்கும் சமூகத்துக்கு எதிராக அந்த உதவி கூடாது. இந்த நாட்டின் குடிமக்களாக, இதன் சட்டத்தின் நிழலில், இங்குள்ள எல்லாருடனும் சேர்ந்து வாழ்கிறோம். இதுவும் ஓர் அஹ்து. வேறு நாடுகளின் ஒப்பந்தத்தைப் பார்த்துக் கை தட்டுமுன் இதை யோசிக்க வேண்டும்.

நாடுகள் "தான் கருதும்" என்று எழுதித் தப்பிக்கின்றன என்று சொன்னேன். அதை விடப் பெரிய தப்பு நாம் செய்கிறோம். வர மனமில்லாத இடத்துக்கு "இன்ஷா அல்லாஹ் வர்றேன்" என்கிறோம். அல்லாஹ்வின் பெயரையே தப்பிக்கும் ஷரத்தாக ஆக்கிவிட்டோம்.

என்னைச் சொல்லிவிடுகிறேன். நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர் ராஜபாளையத்தில் ஒருவருக்குச் சரக்குக் கொடுத்தார். விலை பேசியபோது நான் உடன் இருந்தேன். எழுத்து இல்லை. பணம் வரவில்லை. "ஹஜ்ரத், நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்" என்று இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் இன்ஷா அல்லாஹ் என்றேன். போகக் கூடாது என்று மனதில் முடிவு செய்துகொண்டேதான் சொன்னேன். எதற்கு வம்பு என்று. ஹைதர் அலியின் கதையை இந்த பயானுக்காகப் படித்துக்கொண்டிருந்த இரவில் அந்தச் சகோதரரின் முகம்தான் வந்தது. காலையில் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். நாளை 10 மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் சந்தித்து இருவரும் ராஜபாளையம் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.