சீசர் எரிந்த இடம்

ரோமன் ஃபோரத்தின் கிழக்கு ஓரத்தில், புனிதப் பாதை என்று பெயர்பெற்ற பழைய கற்பாதையை ஒட்டி, சாய்வான கூரை ஒன்று போட்டிருக்கிறார்கள். கூரைக்குக் கீழே உருவம் குலைந்த ஒரு திட்டு. முதலில் மண் என்றே தோன்றும். குனிந்து பார்த்தால் சுண்ணமும் எரிமலைக் கல்லும் கலந்து இறுகிய ரோமானியக் காரை. அதன்மேல் வாடிய ரோஜாக்கள், சில்லறைக் காசுகள், நாலாக மடித்த கடிதங்கள். ஜூலியஸ் சீசரின் உடலை ரோம் மக்கள் எரித்த இடம் இது.

பாதையின் மறுபக்கம் அந்தோனினஸ் பயஸுக்கும் அவர் மனைவி ஃபௌஸ்டினாவுக்கும் எழுப்பிய கோயில் நிற்கிறது. அண்ணாந்து பார்க்க வேண்டிய தூண்கள், ஒவ்வொன்றும் 17 மீட்டர். கேமராக்கள் எல்லாம் அந்தப் பக்கம்தான் திரும்புகின்றன. அந்தக் கோயில் பிற்காலத்தில் கிறிஸ்தவ ஆலயமாக மாறியதால் பிழைத்தது. இந்தத் திட்டின் இடத்தில் இருந்த சீசரின் கோயிலுக்கு அப்படி ஒரு காவல் அமையவில்லை. மறுமலர்ச்சிக் காலத்தில் அதன் பளிங்கையும் செதுக்கிய கல்லையும் பெயர்த்துக்கொண்டு போய் வேறு கட்டடங்களில் வைத்தார்கள். விற்கவோ தூக்கவோ உதவாத உட்காரை மட்டும் நின்றுவிட்டது.

*

இது கல்லறை இல்லை. எரிந்து மிஞ்சிய எலும்புகளை அவரால் விடுதலை பெற்ற அடிமைகள் பொறுக்கியெடுத்துக் குடும்பக் கல்லறையில் சேர்த்தார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் கேசியஸ் டியோ எழுதுகிறார். அந்தக் கல்லறை இன்று இல்லை. ஆகவே இங்கே பூ வைப்பவர்கள் எந்த உடலுக்கும் வைக்கவில்லை. ஒரு நாள் இங்கே எரிந்த நெருப்புக்கு வைக்கிறார்கள்.

*

கி.மு. 44, மார்ச் 15. படைத்தலைவர் பாம்பே கட்டிய மண்டபத்தில் கூடிய செனட் அவையில் 23 குத்துகள். அவற்றில் மார்பில் விழுந்த இரண்டாவது குத்து ஒன்றுதான் உயிரைக் குடித்தது என்று அந்திஸ்தியஸ் என்ற மருத்துவர் கணித்ததாக வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் சொல்கிறார். மற்ற இருபத்திரண்டும் எதற்கு? கொல்வதற்கு அவை தேவைப்படவில்லை. பழி எல்லோருக்கும் பொதுவாக வேண்டும் என்பதற்காக விழுந்தவை அவை.

சிதையை ஊருக்கு வெளியே, மார்ஸ் வெளியில், மகள் ஜூலியாவின் கல்லறைக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தார்கள். சட்டப்படி நகரத்துக்குள் பிணம் எரிக்கக் கூடாது. ஆனால் ஃபோரத்தில் சீசரின் தோழர் ஆண்டனி பேசினார். இரத்தம் தோய்ந்த அங்கியை உயர்த்திக் காட்டினார். சீசர் தன் உயிலில் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் 300 செஸ்டர்ஸ் எழுதி வைத்திருந்ததும், டைபர் நதிக்கு அப்பாலிருந்த தோட்டத்தை ஊருக்கே விட்டிருந்ததும் கூட்டத்துக்குத் தெரியும். அதற்குமேல் கட்டளை எதுவும் எடுபடவில்லை. நீதிமன்றப் பெஞ்சுகளையும் மேடைப் பலகைகளையும் உடைத்துக் குவித்தார்கள். இசைக்காரர்களும் நடிகர்களும் உடுத்தியிருந்த விழா உடைகளைக் கிழித்துப் போட்டார்கள். பழைய படைவீரர்கள் ஆயுதங்களைப் போட்டார்கள். பெண்கள் தங்கள் நகைகளையும், பிள்ளைகளின் கழுத்திலிருந்த தாயத்துகளையும் போட்டார்கள்.

எரித்த இடம், தலைமைப் பூசாரியாகச் சீசர் அலுவல் பார்த்த ரெஜியா என்ற கட்டடத்துக்கு எதிரே. அந்தக் கட்டடத்தின் அடித்தளக் கற்கள் இன்றும் சற்றுத் தள்ளிக் கிடக்கின்றன.

அன்று அழுதவர்களில் ரோமில் வாழ்ந்த யூதர்களைச் சூட்டோனியஸ் தனியாகக் குறிப்பிடுகிறார். பல இரவுகள் தொடர்ந்து அவர்கள் இந்தச் சிதையடிக்கு வந்தார்களாம். எருசலேம் ஆலயத்தின் உள்ளறைவரை நுழைந்த பாம்பேயை வீழ்த்தியவர் சீசர். யூதர்களுக்குச் சலுகைகள் தந்தவர். அந்நிய ஊரில் பிழைக்க வந்த சிறுபான்மைக்கு, தன்னைக் காப்பாற்றிய கை ஓய்ந்துபோனால் அடுத்து என்ன ஆகும் என்பது மற்றவர்களைவிட முன்னதாகத் தெரியும். அந்த இரவுகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சூட்டோனியஸ் எழுதியிருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.

*

துக்கத்துக்குள் கொடுமையும் இருந்தது. சிதையிலிருந்து கொள்ளிகளை எடுத்துக்கொண்டு சதிகாரர்களின் வீடுகளைக் கொளுத்தக் கிளம்பிய கூட்டம், வழியில் ஹெல்வியஸ் சின்னாவைப் பிடித்துக்கொண்டது. சீசரை இகழ்ந்து பேசிய கொர்னேலியஸ் சின்னா என்று நினைத்து அவரைக் கொன்று, தலையை ஈட்டியில் செருகி ஊர்வலம் விட்டது. இறந்தவர் சீசரின் நண்பர், கவிஞர். இந்தத் திட்டின் முன் நிற்கும்போது அவருக்கும் ஒரு நிமிடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது.

*

முதலில் இங்கே எழுந்தது அரசு கட்டிய கோயில் இல்லை. சாதாரண மக்கள் ஒரு பலிபீடத்தை வைத்தார்கள். நுமிடியப் பளிங்கில் ஏறக்குறைய இருபது அடித் தூண் நட்டு, நாட்டின் தந்தைக்கு என்று பொறித்தார்கள். அமாத்தியஸ் என்பவர் அவர்களுக்குத் தலைமை தாங்கினார். ஆண்டனி அவரைக் கொன்றார். கான்சலாக இருந்த டோலாபெல்லா தூணை இடித்துத் தள்ளி, அங்கே கூடியவர்களில் அடிமைகளைச் சிலுவையில் அறைந்தார், மற்றவர்களைப் பாறை உச்சியிலிருந்து தள்ளினார். புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ அதைப் பாராட்டிக் கடிதம் எழுதினார்.

இரண்டு ஆண்டுக்குள் காற்று திரும்பியது. கி.மு. 43 டிசம்பரில் அதே சிசரோவின் தலையையும் கையையும் வெட்டி, ஃபோரத்தின் மேற்குக் கோடியிலிருந்த பேச்சு மேடையில் மாட்டினார்கள். மாட்டச் செய்த, ஆண்டனியும் சீசரின் தத்துப் பிள்ளை ஆக்டேவியனும் இருந்த மூவர் ஆட்சிதான் அடுத்த ஆண்டு சீசரைத் தெய்வம் என்று அறிவித்து, மக்கள் எரித்த இடத்திலேயே கோயில் கட்டத் தீர்மானித்தது. அந்த மேடையை நேராகப் பார்த்தபடி கோயில் எழும்பியது. கி.மு. 29 ஆகஸ்ட் 18 அன்று ஆக்டேவியன் அதை அர்ப்பணித்தார். ஆக்டியம் கடற்போரில் பிடித்த எகிப்தியக் கப்பல்களின் வெண்கல மூக்குகளை முகப்பில் பதித்தார். கோஸ் தீவிலிருந்து, கடலிலிருந்து எழும் வீனஸை அப்பெல்லீஸ் வரைந்த ஓவியம் வந்தது. அதற்கு ஈடாக அந்தத் தீவின் கப்பத்தில் நூறு தாலந்து தள்ளுபடி. உள்ளே இருந்த சீசர் சிலையின் தலைமேல் ஒரு நட்சத்திரம். இறந்த ஆண்டின் கோடையில், அவர் நினைவாக நடந்த விளையாட்டுகளின்போது ஏழு நாள் வானில் தெரிந்த வால்வெள்ளியை அவருடைய ஆன்மா என்று மக்கள் நம்பியதன் அடையாளம் அது.

வெண்கலம் போயிற்று, ஓவியம் நீரோ காலத்துக்கு முன்பே சிதைந்தது, பளிங்கு போயிற்று. அரசு சேர்த்த ஒவ்வொன்றும் போயிற்று. முகப்பின் அரைவட்டக் குழிவில், சிதை எரிந்த இடத்தைக் காட்ட வைத்த வட்டப் பலிபீடத்தின் உட்கரு மட்டும் இருக்கிறது. 1898-இல் ஜியாகொமோ போனி தோண்டி வெளியே கொண்டுவந்தார்.

*

இந்தக் கோயிலுக்கு ஓர் உரிமை கொடுத்திருந்தார்கள். இதற்குள் புகுந்து அடைக்கலம் கேட்பவரை யாரும் இழுத்துச் செல்லக் கூடாது. ஆனால் பிற்பாடு யாரும் நுழைய முடியாதபடி சுற்றி வேலி போட்டுவிட்டார்கள் என்கிறார் டியோ. சட்டத்தில் கதவு திறந்திருந்தது, தரையில் மூடியிருந்தது. உயிருக்குப் பயந்து ஓடிவந்து இந்த வேலியில் முட்டி நின்றவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

*

சீசர் தெய்வமான செய்தி நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது, வெள்ளிக் காசாக. கோவை, கரூர் வட்டாரப் புதையல்களில் நிறையக் கிடைக்கும், பிற்பாடு அகஸ்டஸ் என்று பெயர்பெற்ற ஆக்டேவியனின் காசுகளில், அவருடைய தலையுருவைச் சுற்றி, பெயரோடு தெய்வத்தின் மகன் என்று லத்தீனில் சுருக்கமாகப் பொறித்திருக்கும். அந்தத் தெய்வம் இந்தத் திட்டில் எரிந்தவர். மிளகுக்கும் மணிக்கும் துணிக்கும் விலையாக அந்தக் காசை எண்ணி வாங்கிய நொய்யல் கரை வணிகருக்கு அதன் எடைதான் முக்கியமாக இருந்திருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரோமானியக் காசுகளைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்த்தவர்களுக்கு, அந்த எழுத்துகளின் மறுமுனை இங்கே, இந்தக் கூரைக்கடியில் இருக்கிறது.

*

பூக்களைப் பார்த்து நெகிழ்ந்துபோகிறது மனம். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் மார்ச் 15 அன்று யாரோ ரோஜா வாங்கிக்கொண்டு வருகிறார்கள். எந்த ஆணையும் அவர்களை அனுப்பவில்லை. அதை மதிக்கிறேன்.

ஆனால் சீசர் கால் (Gaul) நாட்டில் நடத்திய போர்களில் பத்து லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள், இன்னும் பத்து லட்சம் பேர் சிறைப்பட்டார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். எண்ணிக்கை மிகை என்றே வைத்துக்கொள்வோம். பாதியானாலும், பத்தில் ஒன்றானாலும், அந்த ஊர்களில் சிதை அடுக்கவும் ஆள் மிஞ்சியிருக்காது. கி.மு. 52-இல் அலேசியாவில் சரணடைந்த கால் நாட்டுத் தலைவர் வெர்சிஞ்செடோரிக்ஸைச் சீசர் ஆறு ஆண்டு சிறையில் வைத்திருந்தார். கி.மு. 46-இல் வெற்றி ஊர்வலத்தில் நடத்திக் காட்டிவிட்டுக் கொல்லச் செய்தார். தன்னை எதிர்த்த ரோமானியர்கள் பலரை மன்னித்தவர் என்று புகழ் பெற்ற மனிதர், தன் மக்களுக்காகப் போரிட்டுத் தோற்ற அயலானுக்கு அந்த மன்னிப்பைத் தரவில்லை. என்னால் இங்கே பூ வைக்க முடியவில்லை. கைகூப்பி நின்றேன், எரித்தவர்களின் அழுகைக்காக.

ரோமுக்குப் போகிறவர்கள் இந்தத் திட்டை அவசியம் பாருங்கள். பார்த்துவிட்டு ஃபோரத்தின் மறுகோடிக்கு நடந்து, காப்பிட்டோல் குன்றின் அடிவாரத்தில் இருக்கும் துல்லியானம் சிறைக்கும் போங்கள். தரைக்குக் கீழே ஒரு வட்ட அறை. அந்தக் காலத்தில் மேலே இருந்த துளை வழியாகத்தான் கைதிகளை இறக்கினார்கள். வெர்சிஞ்செடோரிக்ஸ் இறந்தது அங்கேதான் என்பது மரபு. கையில் பூ இருந்தால் ஒன்றை அவருக்கும் மிச்சம் வையுங்கள்.