சாதகமும் உபாசனையும்

1720-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் தேதி, ஜெர்மனியில் க்யோத்தன் என்னும் சிற்றரசின் சபையில் சங்கீதத் தலைவராக இருந்த ஜொஹான் செபாஸ்டியன் பாக், ஒன்பது வயது நிரம்பியிருந்த தம் மூத்த குமாரன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்கென்று ஒரு பாடப் புத்தகத்தைத் தொடங்கினார். சுரங்களின் பெயர்களும் அலங்காரக் குறிகளின் விளக்கமும் முடிந்தபின் அதில் வரும் முதல் பாடம் மிகச் சிறியது. எந்தச் சுரத்தை எந்த விரலால் தொடுவது என்று எண்ணிட்டுக் காட்டுவதே அதன் நோக்கம். ஆயினும் அதன் தலையில், இயேசுவின் நாமத்தினால் என்று பொருள்படும் மூன்று லத்தீன் எழுத்துக்களை அவர் பொறித்திருக்கிறார். தேவாலயத்தில் பாடுவதற்கென்று இயற்றிய கீதத்துக்கு இத்தகைய முகப்பு இருப்பதில் வியப்பில்லை. ஒரு பாலகன் விரல் மாற்றிப் பழகும் அப்யாசத்துக்கு இது எதற்கு?

மளிகைச் சாமான் ஜாபிதாவின் தலையிலும் பிள்ளையார் சுழி போட்டுவிட்டே புளியும் பருப்பும் எழுதிய பாட்டனார்களின் வழிவந்த நமக்கு இதன் உட்பொருள் எளிதில் விளங்கும். செருப்புத் தைப்பவன் தன் தொழிலைச் செவ்வனே செய்வதும் இறைவனுக்குரிய ஊழியமே என்று போதித்த சமயச் சீர்திருத்தவாதி லூதரின் மரபில் வளர்ந்தவர் பாக். க்யோத்தன் அரண்மனையோ கால்வின் வழிச் சபையைச் சார்ந்ததாகையால், விரிவான ஆலய சங்கீதத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை; அவருடைய ஊழியம் இத்தகைய பாடங்களிலும் வெளிப்பட வேண்டியிருந்தது. எனினும் ஓர் ஆட்சேபம் எழுகிறது: அந்த எழுத்துக்கள் அக்காலத்து வழக்கந்தானே, கை பழகிப்போய் எழுதியதில் பக்தி எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை நான் லேசாக ஒதுக்க மாட்டேன். ஆனால் கை பழகிப்போவதைத்தானே அந்தப் பாடமே கற்பிக்கிறது! மனமின்றி உதடு மட்டும் அசையும் ஜபத்தை யந்திரம் என்று இகழ்கிறவர்கள், ஆரோகண அவரோகணங்களை ஆயிரம் முறை வாசிக்கும் வித்தியார்த்தியை அவ்வாறு இகழ்வதில்லை. விரலுக்கு வழி பழகிய பின்னரே செவிக்கு அவகாசம் கிடைக்கிறது என்பதை அவர்கள் அறிவார்கள்.

பியானோவின் முன் முறைப்படி கற்க அமர்ந்த எவரும் முதலில் அறிவது, தம் கை தமக்கு அடிமையன்று என்பதையே. மூன்றாம் விரலுக்குக் கீழே கட்டைவிரலை நுழைத்து ஒரு ஸ்தாயியை ஓசை சிதறாமல் கடக்க வேண்டும்; அருகிலுள்ள விரல்களோடு தசைநாணால் பிணைந்த மோதிர விரலோ, எத்தனை ஆணையிட்டாலும் மற்றவற்றைப்போல் தனித்து எழுவதில்லை. காற்றைப்போல் அடங்காத மனத்தைப் பற்றி அர்ச்சுனன் முறையிட்டபோது, அப்யாசம், வைராக்கியம் என்னும் இரண்டையும் கண்ணன் உபாயமாகச் சொன்னான். சங்கீத மாணவனிடம் அப்யாசம் வெளிப்படையாகத் தெரிகிறது. வைராக்கியம் எங்கே என்றால், கேட்பார் ஒருவருமில்லாத அறையில், வேகமாக வாசிக்கும் ஆசையைத் துறந்து, தெரிந்த நாலு சுரங்களையே மெதுவாக வாசிப்பதில் இருக்கிறது. பலனுக்கு உத்தரவாதமும் இல்லை. ஃப்ரீடமானே டிரெஸ்டனிலும் ஹாலேயிலும் சிறந்த ஆர்கன் வித்வானாக விளங்கியும், 1764-இல் உத்தியோகத்தை விட்டு, வறுமையில் தந்தையின் கையெழுத்துப் பிரதிகளை விற்று, 1784-இல் பெர்லினில் காலமானார். நல்ல சிக்ஷை நல்வாழ்வை ஈட்டித் தரும் என்று நம்பிக் குழந்தைகளை வாத்தியத்தின் முன் உட்கார வைக்கும் பெற்றோர் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இத்தனையும் சொன்ன பின், அப்யாசம் உயிரற்றுப் போகக்கூடும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அடுத்த நூற்றாண்டில் விரலை வெறும் தசையாகக் கருதும் போக்கு வளர்ந்தது. கைகளைச் சட்டத்துக்குள் நிறுத்தி வைக்கும் கருவி ஒன்றுக்கு லோஜியே என்பவர் 1814-இல் காப்புரிமை பெற்றார். பாக்கின் முறை அதுவன்று. 1802-இல் அவருடைய சரிதத்தை வெளியிட்ட ஃபோர்க்கல், மாணவர்கள் பல மாதங்கள் விரற்பயிற்சி மட்டுமே செய்ய நேர்ந்ததென்றும், அவர்கள் பொறுமை தளர்ந்தபோது அந்தப் பயிற்சிகளையே உள்ளடக்கிய சிறு உருப்படிகளைப் பாடவேளையிலேயே பாக் எழுதிக் கொடுத்தாரென்றும் கூறுகிறார். இவ்வாறு பிறந்தவையே 'இன்வென்ஷன்' என்னும் இரு குரல் உருப்படிகள் என்பது ஃபோர்க்கலின் கூற்று. 1723-இல் அவற்றைத் தொகுத்தபோது எழுதிய முகப்பில், தெளிவாக வாசிப்பதையும், பாடுவதுபோல் வாசிப்பதையும், நல்ல கற்பனையைப் பெற்று வளர்ப்பதையும் ஒரே மூச்சில் குறிக்கோளாக பாக் வைக்கிறார்.

இன்றைய போதனையில் வாத்தியத்துக்கு ஒரு பரீக்ஷை, சாஸ்திரத்துக்கு வேறொரு பரீக்ஷை என்று பிரித்துவிட்டது பெரிய நஷ்டம் என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு குரல்கள் ஷட்ஜ-பஞ்சம உறவிலேயே அடுத்தடுத்து ஒருங்கே நகரலாகாது என்பது சாஸ்திரத்தின் பழைய நியமம். நகர்ந்தால் ஒரு குரல் மற்றொன்றின் நிழலாகிவிடுகிறது; அதற்கென்று ஒரு ஜீவன் இல்லாமல் போகிறது. காகிதத்தில் இந்தப் பிழையைத் தேடி அடிக்கோடிடும் மாணவனுக்கு இது சட்டமாக மட்டுமே தெரியும். அவனையே ஒரு குரலை இடக்கையால் வாசித்துக்கொண்டு மற்றதை வாயால் பாடச் சொல்லுங்கள். ஒன்றைக் கேட்கையில் மற்றது நழுவும், அதைப் பிடிக்கையில் இது நழுவும். பல நாள் திணறிய பின் இரண்டையும், எதையும் அடக்காமல், ஒருசேரக் கேட்கும் ஒரு கணம் வாய்க்கிறது. தன்னை மறந்து பிறிதொன்றுக்கு இடங்கொடுக்கும் அந்தக் கவனத்தை உபாசனை என்று அழைக்க நான் தயங்கவில்லை. ஆசிரியர்கள் முதல் வருஷத்திலேயே அதை மாணவனுக்குப் பழக்க வேண்டும்.