பென்னின் மனசாட்சி, குலியெல்மாவின் வீடு

1941இல் வெளிவந்த 'பென் ஆஃப் பென்சில்வேனியா' இன்று அதிகம் பேசப்படாத ஒரு பிரிட்டிஷ் படம். லான்ஸ் கம்ஃபர்ட் இயக்கியது. குவேக்கர் சமயத்தவரான வில்லியம் பென்னாக கிளிஃபர்ட் எவன்ஸும், மனைவி குலியெல்மாவாக டெபோரா கெர்ரும் நடித்தார்கள். அமெரிக்காவில் 'துணிச்சல்மிக்க திரு. பென்' என்ற பொருளில் வேறு தலைப்பு வைத்தார்கள். இரண்டிலும் ஓர் ஆணின் பெயர்தான்.

பென்னின் துணிச்சலை நான் மறுக்கவில்லை. 1670இல் லண்டன் தெருவில் பிரசங்கம் செய்ததற்காக அவர்மேல் வழக்கு வந்தது. பட்டினி போட்டு மிரட்டியும் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்று சொல்ல மறுத்தார்கள். 1681இல், தன் தந்தைக்கு அரசர் பட்டிருந்த கடனுக்கு ஈடாக அமெரிக்காவில் நிலம் பெற்றார். அங்கே மனசாட்சிப்படி வழிபடலாம் என்றார்.

என் கேள்வி வேறு: ஒருவருடைய மனசாட்சிக்கு விலை கொடுப்பது யார்?

1682இல் பென் கப்பலேறினார். பிள்ளைகளை வளர்ப்பது, சிக்கனமாகக் குடும்பம் நடத்துவது பற்றி மனைவிக்கு நீண்ட கடிதம் எழுதி வைத்துவிட்டுப் போனார். குலியெல்மா இங்கிலாந்திலேயே இருந்தார். 1694இல் இறக்கும்வரை பென்சில்வேனியாவை அவர் பார்க்கவில்லை.

இதைத் தியாகம் என்று சொல்லி நாம் நகர்ந்துவிடலாம். ஆனால், மறுக்க வழியிருந்தால்தானே அது தியாகம்? அதே சமயம் அவரைப் பாவப்பட்டவளாக்குவதும் நியாயமில்லை. அவரும் குவேக்கர், அந்த நம்பிக்கை அவருடையதும்தான். அவர் வீட்டில் தங்கியதல்ல என் குறை. அவர் சுமந்த வீடு, ஒரு நாட்டை நிறுவிய வேலையின் பகுதியாகக் கணக்கில் வராததுதான் குறை.

இரண்டாம் மனைவி ஹன்னாவைப் பாருங்கள். 1712இல் பென் பக்கவாதத்தில் விழுந்த பிறகு, 1726இல் தான் இறக்கும்வரை, இங்கிலாந்தில் இருந்தபடியே அந்தக் குடியேற்றத்தின் விவகாரங்களை நடத்தியவர் அவர். 'நிறுவனர்' என்றால் இன்றும் நினைவுக்கு வருவது கணவர்தான்.

கணக்கில் வராதவர்கள் மனைவிகள் மட்டுமல்ல. பென்னின் பென்ஸ்பரி பண்ணையில் அடிமைகள் உழைத்தார்கள். 1688இல் ஜெர்மன்டவுனில் அடிமைமுறையை எதிர்த்து மனு எழுதப்பட்டது, அவருடைய குடியேற்றத்திலேயே. ஆகவே, 'அந்தக் காலத்தில் யாருக்குத் தெரியும்' என்ற சமாதானம் செல்லாது.

மனசாட்சிச் சுதந்திரம் பெரிய சொல். அதைச் சொன்னவரின் வீட்டிலும் வயலிலும் இருந்தவர்களுக்கு அது எவ்வளவு கிடைத்தது என்று கேட்பது அவரைச் சிறுமைப்படுத்துவதாகாது. அவர் சொன்ன சொல்லை அவரைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வது அது.