அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் அச்சமும் தவக்குலும்

புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய அல்லாஹ்வின் நல்லடியார்களே! தக்வாவைக் கொண்டு முதலில் எனக்கும், பிறகு உங்களுக்கும் வஸிய்யத் செய்துகொள்கிறேன்.

பைக்கிலிருந்து விழுந்து தோள் மூட்டு விலகியவர்கள், பல வருடம் சுமை தூக்கித் தோளின் தசைநார் கிழிந்தவர்கள் நம் ஸஃப்புகளில் இருக்கிறார்கள். ஆபரேஷன் முடிந்துவிட்டது. தையலும் பிரித்தாயிற்று. டாக்டர் “நன்றாக ஆறி வருகிறது” என்கிறார். ஆனால் “மறுபடியும் கிழிந்துவிட்டால்?” என்ற கேள்வி இரவில் தூங்கவிடுவதில்லை. பக்கத்தில் நிற்பவர் தோளோடு தோள் சேர நெருங்கினால் உடம்பு சுருங்குகிறது. முஸாஃபஹாவுக்கு ஒருவர் கையை நீட்டினால் பயம். பிள்ளை ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டால் பயம். சிலர் பள்ளிக்கு வருவதையே குறைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்காகவும், அவர்களைச் சுற்றி இருக்கும் நமக்காகவும்தான் இன்றைய உரை.

பயப்படுவது ஈமானின் குறையா?

“ஈமான் உள்ளவர் இதற்கெல்லாம் பயப்படலாமா?” என்று சிலர் கேட்டுவிடுகிறார்கள். மூஸா (அலை) அவர்களின் கைத்தடி பாம்பாக நெளிந்தபோது, அவர்கள் திரும்பியும் பார்க்காமல் ஓடினார்கள். அல்லாஹ் அதைக் குர்ஆனிலேயே சொல்லிக் காட்டுகிறான் (28:31). அந்தப் பயத்துக்காக அல்லாஹ் தன் நபியைக் கண்டிக்கவில்லை. முன்னே வருமாறும், அஞ்ச வேண்டாம் என்றும் ஆறுதல் சொன்னான். தாஹா அத்தியாயத்தில், அதைக் கையால் பிடிக்கும்படியும், அதைப் பழைய நிலைக்கே திருப்புவதாகவும் சொன்னான் (20:21).

சகோதரர்களே, அடிபட்ட உடம்பு அஞ்சுவது இயற்கை. அதில் பாவம் இல்லை. பயம் வந்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி.

முதலில் ஒட்டகத்தைக் கட்டுங்கள்

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டு வைப்பதா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள் (திர்மிதீ).

கிழிந்த தசைநாரை எலும்போடு சேர்த்துத் தைக்கிறார்கள். அது எலும்போடு ஒட்டி வலுப்பெற மாதக்கணக்கில் ஆகும். அதனால்தான் பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வாரம் வரை கையை ஸ்லிங்கில் வைக்கச் சொல்கிறார்கள். அதன்பின் பிசியோதெரபிஸ்ட் அசைத்துவிடுவார், பிறகு நாமே தூக்கிப் பழக வேண்டும். வலுவூட்டும் பயிற்சி பெரும்பாலும் மூன்று மாதத்தையொட்டித்தான் தொடங்கும். வலி குறைந்ததை வைத்து, உள்ளே முழுதாக ஒட்டிவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது. மூன்றாவது வாரமே ஸ்லிங்கைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் வாளியைத் தூக்கி, “அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்பது ஒட்டகத்தை அவிழ்த்துவிடுவது போன்றது.

வணக்கத்திலும் இப்படித்தான். ஒரு பயணத்தில் கல்லடி பட்டுத் தலையில் காயமான தோழருக்குக் குளிப்பு கடமையானது. உடன் இருந்தவர்கள் அவருக்குத் தயம்மும் சலுகை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் அவர்களைக் கடுமையாகக் கண்டித்தார்கள். தெரியாதவர்கள் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள் (அபூதாவூத்).

எனவே கேளுங்கள். தக்பீருக்குக் கைகளை உயர்த்துவது சுன்னத். முடிந்த அளவு உயர்த்தினால் போதும், உயர்த்தாவிட்டாலும் தொழுகை கூடும். நின்று தொழ முடியாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் முடியாவிட்டால் படுத்தும் தொழ இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு அனுமதி கிடைத்தது (புகாரி). ஸஜ்தாவில் கையை ஊன்ற முடியாதவர், கட்டின் மீது எப்படி வுளூ செய்வது என்று தெரியாதவர், தம் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். வலது கை கட்டில் இருந்தால் இடது கையால் சாப்பிடலாம். வலது தோளில் ஆபரேஷன் என்றால் அந்தப் பக்கம் படுக்க வேண்டாம். ஆரோக்கியத்தில் வழக்கமாகச் செய்த அமல்களின் நன்மை நோயிலும் எழுதப்படுகிறது என்பது நபிமொழி (புகாரி). மனம் வருந்தத் தேவையில்லை.

கட்டிய ஒட்டகத்தை அவிழ்க்கும் நாள்

ஆனால் ஒட்டகத்தைக் கட்டுவது பயணம் தொடரத்தான். அதைக் காலமெல்லாம் கட்டியே வைத்திருப்பவர் ஊர் போய்ச் சேரமாட்டார்.

ஸ்லிங்கைக் கழற்றச் சொன்ன பிறகும் கழற்றாமல், பயிற்சிக்கும் போகாமல், கையை மார்போடு ஒட்டியே வைத்திருந்தால் தோள் மூட்டு இறுகிவிடும். பிறகு தலை சீவவும், சட்டை போடவும், துஆவுக்குக் கை ஏந்தவும் கூடச் சிரமம். கையைக் காக்க வந்த பயமே கையை முடக்கிவிடுகிறது. டாக்டர் “செய்யாதே” என்றதைக் கேட்பது போலவே, “செய்” என்பதையும் கேட்பதுதான் பேணுதல்.

அய்யூப் (அலை) அவர்கள் நோயின் துன்பத்தில் அல்லாஹ்வை அழைத்தபோது, காலால் தரையை உதைக்கும்படி கட்டளை வந்தது. குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர் கிடைத்தது (38:42). மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில் தளர்ந்திருந்த நேரத்தில், பேரீச்ச மரத்தைத் தம் பக்கம் உலுக்கும்படி சொல்லப்பட்டது (19:25). அல்லாஹ் நாடியிருந்தால் அசையாமலே கொடுத்திருப்பான். ஆனாலும் பலவீனமான நிலையில், அவர்களால் முடிந்த ஒரு சிறிய அசைவைக் கேட்டான். ஷிஃபாவும் ரிஸ்க்கும் அவனிடமிருந்தே வந்தன.

குனிந்து கையைத் தொங்கவிட்டு ஊசல் போல ஆட்டுவதும், சுவரில் விரல்களால் மெல்ல ஏறுவதும் உங்களுக்கான அந்தச் சிறிய அசைவு. சொல்லப்பட்ட நாளில், சொல்லப்பட்ட அளவில், பிஸ்மில்லாஹ் சொல்லிச் செய்யுங்கள். பயிற்சியின்போது வரும் இழுப்பும், சிறிது நேரத்தில் தணியும் வலியும் சகஜம். திடீரென்று கடுமையான வலி, கையில் வலு சட்டென்று குறைவது, காய்ச்சல், காயத்தில் சீழ் என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். சந்தேகத்தை மனதில் வைத்துப் புழுங்காதீர்கள். நபி (ஸல்) அவர்கள் கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும், இயலாமையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். அந்த துஆவை வழக்கமாக்குங்கள்.

எல்லாம் பேணியும் சிலருக்கு மறுபடி கிழிவதுண்டு. சிலருக்குக் கை பழையபடி உயர்வதில்லை. உஹதில் நபி (ஸல்) அவர்களைக் காத்த தல்ஹா (ரலி) அவர்களின் கை செயலிழந்தது (புகாரி). அந்தக் கையோடுதான் பிறகும் வாழ்ந்தார்கள். சொர்க்கத்தைக் கொண்டு நற்செய்தி பெற்ற பத்துப் பேரில் அவர்களும் ஒருவர். ஒரு கையின் குறை அல்லாஹ்விடம் மனிதனைக் குறைத்துவிடாது.

நம் கடமை

ஸ்லிங்கோடு வருபவருக்கு ஸஃப்பின் ஓரத்தில் இடம் கொடுங்கள். வலது தோளில் காயம் என்றால் வலது ஓரம். கையைப் பிடித்துக் குலுக்க வேண்டாம், வாயால் ஸலாம் போதும். “இன்னுமா சரியாகவில்லை?” என்று கேட்காதீர்கள். வீட்டில் “பார்த்து, பார்த்து” என்று பயத்தைக் கூட்டாதீர்கள். பயிற்சிக்குக் கூடவே போய் வாருங்கள். வாளியை நீங்கள் தூக்குங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் நோயாளிகளுக்கு முழுமையான ஷிஃபாவைத் தருவாயாக! காரணங்களைப் பேணி உன்னையே நம்பும் உள்ளத்தைத் தருவாயாக! அச்சமின்றி உன்னிடம் ஏந்தும் கைகளை எங்களுக்குத் திருப்பித் தருவாயாக! ஆமீன்.