மண் யாரைத் திருத்தும்?

கஞ்சாவும் போதைக் காளானும் விற்றுப் போலீசில் மாட்டிக்கொள்ளும் பையன்களைப் பற்றிப் பேச்சு வந்தால், கொடைக்கானல் பக்கம் ஒரு தீர்வு தயாராக இருக்கிறது: 'தோட்டத்துல விடுங்க, மண்ணத் தொட்டா மனசு மாறும்.' நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். பள்ளங்கியில் பூண்டுக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "நாங்க பொறந்ததுலேருந்து மண்ணுலதான் கெடக்கோம் தம்பி. அப்பிடின்னா ஊரு எங்களயில்ல கும்பிடணும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்தச் சீர்திருத்தவாதியும் நகர முடியாது. இந்த மலையில் புலையர்கள் குன்னுவர் நிலங்களில் அடிமைகளாக உழைத்ததை ஆங்கிலேயர் காலப் பதிவுகளே சொல்கின்றன. அந்த உழைப்பு யாரைத் திருத்தியது? உழைத்தவர்களையா, உண்டவர்களையா?

மண்ணைக் காட்டித் திருத்துவது பழைய வித்தை. 1840இல் பிரான்சில் மெத்ரே என்ற இடத்தில் சிறுவர்களுக்காக ஒரு விவசாயக் குடியிருப்பைத் திறந்தார்கள். வேலை, பிரார்த்தனை, ஓயாத கண்காணிப்பு. நவீனச் சிறை அங்கேதான் முழுமை பெற்றது என்று 1975இல் ஃபூக்கோ எழுதினார். நாம் பிரான்ஸ் வரை போகவேண்டியதில்லை. 1871ஆம் வருடத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் நடைமுறைக்கு வந்தது. தென்னாற்காட்டில் அஜீஸ் நகர் குடியிருப்பு எழுந்தது. வேப்பூர்ப் பறையர்களைக் கொண்டுபோய் அங்கே வைத்தார்கள். அனுமதியில்லாமல் வெளியே போக முடியாது. அதற்கும் 'திருத்தம்' என்றுதான் பெயர். இங்கே சட்டம் 1947இல் ரத்தானது. ஊர்க்காரன் பார்வையில் ரத்தானதா என்பது வேறு விஷயம்.

அப்படியானால் பையன்களை வயல் பக்கமே விடாதே என்கிறேனா? இல்லை. போதையில் சிக்கியவனுக்கு விடிந்ததும் எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும். ஊன்றிய பூண்டுப் பல் முளைவிடுவது நல்ல காரணம்தான். ஆனால் நாலைந்து மாதம் கழித்து அந்தப் பூண்டு யாருடையது? 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் மலைக்கு, விலை நிலக்காரருக்கு, இடுப்புவலி கூலிக்குப் போகும் பெண்களுக்கு.

நிலத்தைப் பேசாமல் மண்ணைப் பற்றி மட்டும் பேசுவதுதான் இங்கே மோசடி. 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் எங்கே போனது? காரணையில் அந்த நிலத்தைக் கேட்டுப் போராடியபோது, 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நிலம் கேட்டால் குண்டு, அதே நிலத்தில் குனிந்து வேலை செய்தால் நல்ல பிள்ளை என்ற சான்றிதழ்!

ஆகவே யாராவது திட்டத்தோடு வந்தால் நான் கேட்பது இவ்வளவுதான். பதினாலு வயசுக்குக் கீழே என்றால் முதலில் பள்ளிக்கூடம். மற்றவர்களுக்கு ஊர்க் கூலி, ஒரு பைசா குறையாமல், அவன் கையிலேயே. விளைச்சலில் ஒரு பங்கு. பிடிக்கவில்லையென்றால் அடுத்த நாளே கிளம்பிவிடலாம், யாரும் போலீசுக்குச் சொல்லக்கூடாது. 'கூலி குடுத்தா அது சிகிச்சையாகாதே' என்று ஒரு நண்பர் வருத்தப்பட்டார். ஆகாவிட்டால் போகட்டும். இதற்கெல்லாம் சம்மதிக்கிற தோட்டக்காரர் பள்ளங்கியில் ஒருவர் இருந்தால் சொல்லுங்கள், பையன்களோடு நானும் களைக்கொத்து எடுத்துக்கொண்டு வருகிறேன்.