கருணையின் பற்றுவரவு

ஏழைக் குழந்தைக்கு எழுத்தறிவிக்கப் போகிறவன் அக்குழந்தைக்கு என்ன செய்கிறான் என்பதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. செய்ததை யார் கணக்கில் எழுதிக்கொள்கிறான் என்பது அவ்வளவாகப் பேசப்படவில்லை. பேரேட்டின் முன் உட்கார்ந்து பிழைப்பவனுக்கு இப்படித் தோன்றுவது தொழில்தோஷமாக இருக்கலாம்.

இத்தாலியில் லொரென்ஸோ மிலானி என்று ஒரு பாதிரியார். மேலிடத்துக்குப் பிடிக்காமல் போய், 1954ல் பார்பியானா என்ற மலைக் குக்கிராமத்துக்கு அனுப்பப்பட்டவர். அரசுப் பள்ளி ஃபெயிலாக்கித் தள்ளிய குடியானவர் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு அங்கே பள்ளி நடத்தினார். விடுமுறை கிடையாது. ஒருவனுக்குப் புரியவில்லையென்றால் புரியும்வரை பாடம் நகராது. மாணவர்கள் எட்டுப் பேர் சேர்ந்து எழுதிய 'ஆசிரியைக்கு ஒரு கடிதம்' 1967ல் வந்தது; அதே வருஷம், 44 வயதில், அவர் இறந்தார். கடவுளைவிடத் தம் பிள்ளைகளையே அதிகம் நேசித்துவிட்டதாகவும், கடவுள் அதைப் பெரிதுபடுத்தாமல் தம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டிருப்பார் என்று நம்புவதாகவும் எழுதி வைத்துவிட்டுப் போனார்.

பெரும்பாலான தொண்டர்களிடம் இது தலைகீழ். குழந்தை அவர்களுடைய ஆத்ம சேமிப்புக்கு ஒரு கிளை அலுவலகம். கிறிஸ்தவர்களை மட்டும் சொல்லவில்லை. நம் புண்ணியமும், முற்போக்காளரின் மனச்சாட்சியும் அதே கவுண்ட்டரில்தான் நிற்கின்றன.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அதிகம் இறந்தது கருணாபுரத்தில் (பெயர் நான் வைத்ததல்ல). தாய் தகப்பன் இருவரையும் இழந்த குழந்தைகளுக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய், படிப்புச் செலவு, வைப்புநிதி 5 லட்சம் என்று அரசு அறிவித்தது. அவசியமானது; குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முந்தின வாரம், தகப்பன் குடித்துக்கொண்டு உயிரோடிருந்தபோது, அதே குழந்தை மதிய உணவுப் பட்டியலில் ஓர் எண் என்பதைத் தவிர வேறு எந்த ஏட்டில் இருந்தது? வறுமைக்கு வரவாவதற்கு ஒரு சாவு வேண்டியிருந்தது.

ஊரிலிருந்து மேற்கே போனால் கல்வராயன் மலை. ஜாகீர்தார்களுக்குக் கூலியின்றி உழைத்த மலை; 1976ல்தான் அந்த ஆட்சி ஓய்ந்தது. அப்படி உழைத்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று உண்டு உறைவிடப் பள்ளிகளில் தட்டேந்தி நிற்கும்போது, நாம் அதைக் கருணை என்கிறோம். எனக்கென்னவோ கூலி பாக்கி என்றே படுகிறது. பாக்கி வாங்குகிறவன் நன்றி சொல்லவேண்டியதில்லை. புத்திசாலியாக இருக்கவேண்டியதுமில்லை. இது முக்கியம். தானம் ஆள் பார்க்கும்: சூட்டிகையான ஒரு பையனைப் பொறுக்கியெடுத்து, மலையிலிருந்து இறக்கி, ஃபோட்டோ எடுத்துக்கொள்ளும். கடன்பட்டவனுக்கு அந்தச் சலுகை இல்லை. மந்தமானவனுக்கும் அதே தொகை. பார்பியானாவில் பாடம் நகராமல் நின்றது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் வெறும் கடன் தீர்ப்பவனாக ஒருவன் வகுப்பில் நுழைந்தால் குழந்தைக்கு அது உடனே தெரிந்துவிடும். வட்டிக்காரனின் முகத்தையும் வள்ளலின் முகத்தையும் அது முன்பே பார்த்திருக்கிறது. மிலானி கடனை நேசத்தோடு அடைத்தார். நேசத்தை ஏட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அவருக்கே குழப்பம் இருந்திருக்கிறது.

மலையிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போகிறார்கள். கூடப் போன பையன் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்து உட்காரும்போது, பாடம் எந்தப் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கும்?